ஆக்லாந்து விமானம்

தோஹாவில் அதிகாலை நாலே முக்கால்.
ஆக்லாந்திலிருந்து வந்து நிற்கிறது.
பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்,
பதினேழு மணி நேரம் என்கிறது தாள்.

தாள் இல்லாமலே சொல்வேன்.
கொச்சி விமானத்தில் கம்பளியின் உறைகூடப் பிரிந்திருக்காது.
லண்டன் என்றால் ஒற்றைக் காதணி, பாதி போட்ட குறுக்கெழுத்து.
இதில் மட்டும்
ஆட்கள் குடியிருந்துவிட்டுப் போயிருப்பார்கள்.
ஜன்னலில் நெற்றி எண்ணெய்.
மூன்று தரம் நனைந்து காய்ந்த பல்துலக்கி.
ஒரு தம்பதி சண்டை போட்டு, பேசாதிருந்து,
மறுபடி பேசத் தொடங்கும் அளவுக்குக்
கசங்கிய டிஷ்யூ.

எங்களுக்கு நாற்பது நிமிடம்.

கணக்குப் போட்டவன் ரெஜினால்டு,
தூத்துக்குடிக்காரன், கழிவறைப் பிரிவு.
வாந்திப் பையின் முதுகில் எழுதிக் காட்டினான்.
நடைபாதை அறுபது மீட்டர்.
குப்பைக்கு ஒரு நடை, கம்பளிக்கு ஒன்று,
தூசி உறிஞ்சிக்கு ஒன்று, சரிபார்க்க ஒன்று,
போக வர எட்டு.
ஷிப்டுக்கு ஏழு விமானம்.
மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மீட்டர்.

'சென்னை எவ்வளவு தெரியுமா?
மூவாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
ஆயிரம் ஷிப்டு பார்த்தா
நடந்தே போயிட்டேன்னு அர்த்தம்.'

எதிர்காற்று இருந்தால் நேரம் கூடுமாமே என்றேன்.
'அது அவங்களுக்கு.
நமக்கு ஏசிக் காத்து,
எந்தப் பக்கமும் தள்ளாது.'

நான் பார்த்தது ஆயிரத்து எண்ணூறு ஷிப்டு.
அப்படியானால் எப்போதோ தாண்டியிருக்கிறேன்.
அறைக்குப் போய், பழைய சம்பளச் சீட்டுகளைப் பரப்பி
விரல்விட்டுப் பின்னோக்கி எண்ணினேன்.
ரமலான் மாதத்துச் செவ்வாய்க்கிழமை.
டாக்காவிலிருந்து வந்ததில்
யாரோ ஊறுகாய்ப் பாட்டிலை உடைத்திருந்தார்கள்.
மண்டியிட்டு விரிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
மீனம்பாக்கம்
என் முழங்காலுக்கு அடியில் போயிருக்கிறது.
நான் நிமிரக்கூட இல்லை.

அதற்கப்புறமும் நடந்ததில்
இப்போது இந்துமாக்கடலின் மேல் எங்கேயோ இருக்கிறேன்.
ஆக்லாந்துக்கு இன்னும் எட்டு வருடம்.
அதற்குள் விசா முடிந்துவிடும்,
முட்டி அதற்கும் முன்னால்.

இன்று முப்பத்து நாலாம் வரிசை, ஜன்னல் இருக்கை.
திரை அணையாமல் இருந்தது.
நீலத்தில் ஒரு வளைந்த கோடு, அதன் நுனியில் சிறு விமானம்.
சேருமிடத்துக்கு மீதி: சுழியம் கிலோமீட்டர்.
சேருமிடத்துக்கு நேரம்: சுழியம்.
உட்காரக் கூடாது. உட்கார்ந்தேன்,
முன்பையில் கைவிட ஒரு சாக்கு வேண்டுமே.

நாலாய் மடித்த காகித நாப்கின்.
உள்ளே ஒரு பால் பல்.
வேர்ப்பக்கம் ரத்தம் காய்ந்து பழுப்பாகியிருந்தது.

பதினேழு மணி நேரம்
பல் விழுவதற்குப் போதும்.
சாப்பாட்டுத் தட்டு வந்தபோது ஆடியிருக்கும்,
எல்லோரும் தூங்கியபிறகு
நாக்கால் தள்ளித் தள்ளி
தனியாகக் கழற்றியிருக்கும் அந்தப் பிள்ளை.
மடித்தது பெரியவர் கை, மூலைகள் அவ்வளவு நேர்.
மறந்ததும் அதே கையாக இருக்கலாம்.

கண்டெடுத்த பொருள் படிவத்தில்
பாஸ்போர்ட், போன், கண்ணாடி, நகை என்று கட்டங்கள்.
வஞ்சிகு மேடத்திடம் நீட்டினேன்.
நைரோபியில் அவருக்கும் ஒரு பிள்ளை உண்டு.
கையுறைக்குள் உருட்டிப் பார்த்தார்.
'இதற்குக் கட்டம் இல்லை' என்றார்.
'எறி' என்று சொல்லவில்லை.
இருபத்தொன்பதாம் வரிசைக்குப் போய்விட்டார்.

திரையில் அந்தக் கோட்டை
தோஹாவிலிருந்து பின்னோக்கி விரலால் தடவினேன்.
ஆறாயிரம் கிலோமீட்டர் இருக்கும் இடத்தில்
ஊர்ப்பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை.
நீலம்.
இங்கேதான் விழுந்திருக்கும் என்று
வைத்துக்கொண்டேன்.

ரெஜினால்டு கழிவறைக் கதவைத் தட்டினான்.
பதினொரு நிமிடம் மீதி,
கம்பளி இன்னும் எண்ணவில்லை.